கணபதி பட்டறையில் செய்த ரோட்டரி மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

எட்டு மாதமாக என் கையில் இருக்கும் ஒரு மெஷினைப் பற்றி எழுதுகிறேன். கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில் ஒரே ஆள் உட்கார்ந்து கையால் செய்து கொடுத்த ரோட்டரி டாட்டூ மெஷின், அதாவது மோட்டார் சுழன்று ஊசியைத் தள்ளும் வகை. ஈரோட்டில் என் கடையில் இப்போது லைனிங் (கோடு போடும் வேலை) முழுக்க இதில்தான் போகிறது. 9,500 ரூபாய் கொடுத்தேன். மூன்று வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆனது, மூன்றாவது மாதத்தில் ஒரு பெரிய தொல்லையும் கொடுத்தது, அதையும் கீழே சொல்கிறேன். ஆனாலும் வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஆனால் கூரியரில் வரவழைக்காதீர்கள். நேரில் போய், செய்கிறவர் முன்னால் கோடு போட்டுக் காட்டி, உங்கள் கைக்கு ட்யூன் செய்து வாங்கிக்கொண்டு வாருங்கள். என்னைக் கேட்டால் கொடுத்த காசில் பாதி அந்த அரை நாள் ட்யூனிங்குக்குத்தான்.

செய்தவர் பெயரும் போன் நம்பரும் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். பகலில் பம்ப் உதிரி பாகங்களுக்குக் கடைசல் வேலை, விளக்கு வைத்த பிறகுதான் இது, மாதத்துக்கு நாலைந்துக்கு மேல் அவரால் முடியாது. இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் காயில் மெஷினில் (மின்காந்தச் சுருளால் ஊசியை அடிக்க வைக்கும் வகை) வேலை செய்தவன் நான். 230 கிராம் எடை, சத்தம் வேறு, நாலு மணி நேரம் பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். அதனால் இணையத்தில் 1,800 ரூபாய்க்கு ஒரு ரோட்டரி வாங்கினேன், பெட்டியில் பேர்கூட இல்லை. கையில் எடுத்தால் லேசாக இருந்தது, சத்தமும் இல்லை, சரி என்று லைனிங் ஆரம்பித்தேன். முன்கையில் போட்ட கோடு நன்றாக விழுந்தது, அதே வோல்ட்டில் தோள்பட்டைக்குப் போனால் புள்ளி புள்ளியாக விழுந்தது. வோல்ட்டை ஏற்றினேன். தோள்பட்டை சரியானது, ஆனால் முழங்கை மடிப்பில் மெல்லிய தோலுக்கு வந்ததும் மெஷின் சீறிக்கொண்டு தோலைச் சவைத்துவிட்டது. ஆறின பிறகு அந்த இடத்தில் கோடு தடித்துப்போய் இருந்ததைப் பார்த்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தோல் இன்னொருவருடையது, வாழ்நாள் முழுக்க அவர் அதைச் சுமக்க வேண்டும். கை சரியில்லையோ என்று என்னையே சந்தேகப்பட்டு வாழைப்பழத் தோலிலும் பிராக்டிஸ் ஸ்கின்னிலும் வாரக்கணக்கில் கோடு போட்டேன். கோளாறு மெஷினில் என்று கணபதிக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

ரோட்டரி என்றால் நேற்று வந்த சமாச்சாரம், காயில்தான் அசல் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். உண்மை தலைகீழ். நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி 1891 டிசம்பர் 8-ஆம் தேதி வாங்கிய பேட்டன்ட், எடிசனின் மின்சாரப் பேனாவை அடியொற்றியது, அந்தப் பேனாவுக்கு 1876-லேயே பேட்டன்ட் ஆகிவிட்டது. மோட்டார் சுற்றும், சுற்றுவதை மேலும் கீழுமாக மாற்றி ஊசியைத் தள்ளும், அவ்வளவுதான். அதே நியூயார்க்கில் சார்லி வாக்னர் காயிலை வைத்து பேட்டன்ட் வாங்கியது 1904-இல். நம் ஊரில் பங்குனி மாதம் பெரிய மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து பச்சை குத்துகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள், பேட்டரியில் ஓடும் பொம்மை மோட்டாரை வைத்துக் கட்டிய மெஷின், அதுவும் ரோட்டரிதான். (அங்கே ஒரே ஊசியால் வரிசையாகப் பலருக்குக் குத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரவ அது போதும். தயவுசெய்து யாரும் அப்படிக் குத்திக்கொள்ளாதீர்கள்.)

மெஷினுக்கு வருகிறேன். எடை 128 கிராம். உடம்பு அலுமினியம், ஒரே துண்டிலிருந்து மில்லிங் செய்தது, கை படும் ஓரமெல்லாம் அரம் போட்டுப் பிசிறு இல்லாமல் உருட்டியிருக்கிறார். மோட்டார் ஃபௌல்ஹாபர் 2224, அதாவது 22 மி.மீ. விட்டம், 24 மி.மீ. நீளம், ஜெர்மன் மோட்டார். புதிது அல்ல, பழைய கருவியிலிருந்து கழற்றியது, அதை அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார், புது மோட்டார் போட்டால் விலை எங்கேயோ போய்விடும் என்றார். சொல்லி விற்கிறவரிடம் எனக்குக் குறை இல்லை.

இந்த மோட்டாரில் என்ன விசேஷம் என்று தெரிய ஷாஃப்டை விரலால் உருட்டிப் பார்த்தாலே போதும். சாதாரண பொம்மை மோட்டாரை உருட்டினால் இடையிடையே தட்டித் தட்டி நிற்கும், உள்ளே சுற்றுகிற பாகத்தில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை இழுத்துப் பிடிக்கிறது. இதில் சுற்றுகிற பாகத்தில் இரும்பே கிடையாது, செம்புக் கம்பியை ஒரு குவளை மாதிரி சுற்றியிருப்பார்கள், அந்தக் குவளை மட்டும்தான் சுற்றும். அதனால் உருட்டினால் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகும். எடை குறைவு என்பதால் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும், ஃபுட் சுவிட்சில் கால் வைத்த அந்த நொடியே முழு வேகம்.

ஆனால் நல்ல மோட்டாரை வைத்துவிட்டால் நல்ல மெஷின் ஆகிவிடாது. எல்லாம் கேமில் இருக்கிறது. கேம் என்பது மோட்டார் ஷாஃப்டில் உட்காரும் சின்னப் பித்தளை வில்லை, நம் ஐந்து ரூபாய்க் காசைவிடச் சிறியது. அதன் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பின், பின்மேல் ஒரு பேரிங். எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு ஸ்ட்ரோக், அதாவது ஊசி போய்வரும் தூரம். 1.75 மி.மீ. தள்ளி வைத்தால் ஸ்ட்ரோக் 3.5, 2 மி.மீ. வைத்தால் 4. கணக்கு சின்னப் பிள்ளைக் கணக்குதான், செய்வதுதான் கஷ்டம். ஷாஃப்ட் 2 மி.மீ. தடிமன். வில்லையின் ஓட்டை 2.05 இருந்துவிட்டால் பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) இறுக்கும்போது வில்லை முழுதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், ஸ்ட்ரோக் கணக்கு மாறும். பின் ஷாஃப்டுக்கு இணையாக இல்லாமல் துளி சாய்ந்தாலும் ஊசி போய்வரும்போது பக்கவாட்டில் ஆடும், கோடு தடிக்கும். அதனால் அண்ணன் ட்ரில்லோடு விடுவதில்லை, ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட்டுத்தான் அந்த ஓட்டையை முடிக்கிறார். என் கண் முன்னால் ஒரு வில்லையை ஷாஃப்டில் ஏற்றினார், விரலால் அழுத்த மெதுவாக இறங்கியது, தூக்கினால் மோட்டாரோடு சேர்ந்து வந்தது, ஸ்க்ரூ இன்னும் போடவேயில்லை. வீட்டுக்கு வந்து என் 1,800 ரூபாய் மெஷினைப் பிரித்துப் பார்த்தேன், அதில் ஸ்க்ரூவைத் தளர்த்தியதுமே வில்லை தானாகக் கீழே விழுந்தது.

பேரிங் 3 மி.மீ. ஓட்டை, 6 மி.மீ. வெளிவிட்டம். அது டெல்ரின் பிளாஸ்டிக்கில் வெட்டிய ஒரு காடிக்குள் (நீளப் பள்ளம்) ஓடுகிறது, காடியோடு சேர்ந்த தண்டு மேலும் கீழும் போய் கார்ட்ரிட்ஜைத் (ஊசி உள்ளே இருக்கும் கூடு) தள்ளுகிறது. காடியின் அகலம்தான் அடுத்த சூட்சுமம். பேரிங் ஏறும்போது ஒரு சுவரிலும் இறங்கும்போது எதிர்ச் சுவரிலும் உருளும், இரண்டு சுவரிலும் ஒரே நேரத்தில் பட்டால் உருள முடியாமல் தேயும், மோட்டார் சூடாகும். இடைவெளி அதிகமானால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை சுவர் மாறித் தட்டும், அந்த டிக் டிக் சத்தம் கையில் தெரியும். என் மெஷினில் இடைவெளி 0.03 மி.மீ. என்று சொன்னார். முதலில் போட்ட காடி இறுக்கமாக இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், மெஷினை ஓடவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை ஃபிரேமில் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக் கேட்டார். பழைய டர்னர்கள் பேரிங் பார்க்கும் முறை அது. என்னையும் கேட்கச் சொன்னார், எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. காடியை மாற்றிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார், அப்போது வித்தியாசம் எனக்கே தெரிந்தது, முதலில் கரகரவென்று இருந்தது இப்போது ஒரே சீராக.

அப்புறம் ட்யூனிங். பிளாஸ்டிக் பைப் ஒன்றின் மேல் பிராக்டிஸ் ஸ்கின்னைச் சுற்றிக் கொடுத்து, “எப்பவும் போடற மாதிரி போடுங்க தம்பி, என்னைப் பார்க்காதீங்க” என்றார். நான் கோடு போடப் போட போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து சென்டிமீட்டர் கோட்டுக்கு எனக்கு மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, அதாவது நொடிக்கு 30 மி.மீ. இது என் கையின் வேகம், ஆறு வருடத்தில் படிந்துபோனது, இனி மாறாது. அடுத்து என் பழைய மெஷினை எடுத்து, கேமில் ஒளி மின்னும் ஸ்டிக்கர் ஒட்டி சுற்று எண்ணும் லேசர் டேக்கோமீட்டரைக் காட்டினார். சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 7,200 சுற்று, நொடிக்கு 120 குத்து. மெம்பிரேன் (மை பின்னால் ஏறாமல் தடுக்கும் ரப்பர் சவ்வு) உள்ள கார்ட்ரிட்ஜை மாட்டி ஸ்கின்னில் அழுத்தியதும் 5,400-க்கு இறங்கிவிட்டது, நொடிக்கு 90. என் கை 30 மி.மீ. போகிற நேரத்தில் 120 குத்து விழுந்தால் குத்துக்கும் குத்துக்கும் 0.25 மி.மீ. இடைவெளி. 90 விழுந்தால் 0.33. மூன்று ஊசி லைனரில் அது கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்துவிடும். தோள்பட்டையில் ஏன் புள்ளி விழுந்தது, வோல்ட்டை ஏற்றிக்கொண்டு மெல்லிய தோலுக்கு வந்தபோது ஏன் சீறியது எல்லாம் அந்த டேக்கோமீட்டரில் ஒரு நிமிடத்தில் தெரிந்துபோனது. அவர் மெஷினில் 6.5 வோல்ட்டில் சும்மா ஓடும்போது 7,200, அழுத்தினால் 6,900. தோல் மாறினாலும் வேகம் பெரிதாக மாறாது, நான் வோல்ட்டைத் தொடவே வேண்டாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், பவர் சப்ளையில் ஹெர்ட்ஸ் காட்டுகிறதே என்று நம்பாதீர்கள், அது காயில் மெஷினில் மின்சாரம் விட்டு விட்டு வருவதை எண்ணிக் காட்டுவது, ரோட்டரிக்குப் பொருந்தாது.

ஸ்ட்ரோக்குக்கு முதலில் 4 மி.மீ. கேம் போட்டுக் கொடுத்தார். கோடு அடர்த்தியாக விழுந்தது, ஆனால் அடி பலமாக இருந்தது, அரை மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் மரத்துப்போன மாதிரி ஆனது. 3.5 போட்டதும் கை அமைந்தது. 3-உம் போட்டுப் பார்த்தோம், மை சரியாக இழுக்கவில்லை, ஊசி பின்னால் நன்றாக உள்ளே போனால்தான் முனையிலிருந்து மையை எடுத்துக்கொண்டு வரும். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், புதிதாக வருகிற பிள்ளைகள் ஸ்ட்ரோக் 4 என்றால் 4 மி.மீ. ஆழம் குத்தும் என்று பயப்படுகிறார்கள். இல்லை. ஸ்ட்ரோக் என்பது ஊசி போய்வரும் தூரம். ஆழம் என்பது ஊசி முனையிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது, கை எவ்வளவு அழுத்துகிறது என்பதில் இருக்கிறது. தோலின் மேலடுக்கைத் தாண்டி ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர், அதற்குமேல் போனால் மை கீழே கொழுப்பில் இறங்கிப் பரவிவிடும். என் அம்மாயியின் முன்கையில் புள்ளிக் கோலம் ஒன்று இருந்தது, சின்ன வயதில் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் கையால் குத்தியது என்பார். சில புள்ளிகள் கடைசிவரை கடுகு மாதிரி நின்றன, சில புள்ளிகள் பச்சை கலந்த நீலமாக மிளகளவுக்குப் பரவிப்போயிருந்தன. ஆழம் மாறிய இடம் எது என்று இப்போது அதை நினைத்தால் எனக்குத் தெரிகிறது.

அதிர்வை அவர் குறைத்த விதம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பின்னும் பேரிங்கும் ஒரு பக்கம் கனமாக இருப்பதால் எதிர்ப் பக்கத்தில் பித்தளையைக் கூடுதலாக விட்டிருப்பார், அதை ட்ரில்லால் துளித் துளியாகக் குறைத்துச் சரி செய்கிறார். முழுக்கச் சமன் செய்தால் என்ன என்று கேட்டேன். செய்தே காட்டினார். மேலும் கீழுமான அதிர்வு போய்விட்டது, பதிலுக்குப் பக்கவாட்டில் அதிர ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் தண்டு மேல்கீழாக மட்டும்தான் போகிறது, வில்லையின் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது, பக்கவாட்டில் அதைப் பிடித்துக்கொள்ள எதிர் எடை இல்லை. அதனால் பாதிக்குத்தான் சமன் செய்ய வேண்டும், மீதியை இரண்டு திசைக்கும் பங்கிட்டு விட வேண்டும். பைக் என்ஜினில் கிராங்க்குக்கும் இதே கதைதான் என்றார். நான்கு தடவை கழற்றி, துளைத்து, மாட்டி, என் கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் நிறுத்தினார். ஐந்தாவது தடவை கொடுத்தபோது ஓடுகிறதா என்று ஃபுட் சுவிட்சைப் பார்த்தேன்.

கடைசியாக ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை, லாக்டைட் 243 ஒரு சொட்டு, கேமை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் சிவப்பு லாக்டைட் போடக்கூடாது. 4 வோல்ட்டில் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு பார்த்து, கையில் கொடுத்தார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவர் தோளில் அவருடைய அம்மா பெயரை எழுதிக்கொண்டிருந்தேன், பெயரின் நடுவில் மெஷின் நின்றது. கார்டை (மின்சாரம் வரும் ஒயரை) அசைத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. கோடு பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு விழும், நல்ல வேளை ஊசியை எடுக்கிற இடத்தில் நின்றதால் பழைய காயிலை எடுத்து முடித்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தால் கார்டு செருகும் ஆர்சிஏ சாக்கெட்டுக்குப் போகிற ஒயர் பற்றவைத்த இடத்தில் அறுந்திருந்தது. ஒற்றைக் கம்பி ஒயர் போட்டிருக்கிறார். இவ்வளவு அதிர்கிற பொருளுக்குள் ஒற்றைக் கம்பி நிற்காது, இது அவருக்குத் தெரியாததும் அல்ல. கொண்டுபோய்க் காட்டியபோது சமாதானம் எதுவும் சொல்லாமல் பல இழை சிலிகான் ஒயர் போட்டு, வேர்ப் பக்கம் எபாக்சி வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதமாகப் பிரச்சினை இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு நாள் வேலை போனது, அந்த மனிதர் நாற்காலியில் நாற்பது நிமிடம் காத்திருந்தார்.

ஃபிரேம் ஆனோடைஸ் செய்யாத, அதாவது மேலே பாதுகாப்புப் படலம் ஏற்றாத, வெறும் அலுமினியம். கிருமிநாசினி போட்டுத் துடைக்கத் துடைக்கக் கறுத்துக்கொண்டு வருகிறது. வேலைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கிளையண்ட் கண்ணுக்கு அழுக்காகத் தெரியும், டாட்டூ கடையில் அது சாதாரண விஷயம் அல்ல. கிரிப் (கை பிடிக்கும் குழாய்) மாட்டும் துளையும் எனக்குச் சரியாக அமையவில்லை, கிரிப் தண்டு 7.94 மி.மீ., துளையைக் கொஞ்சம் தாராளமாகக் கடைந்துவிட்டார், ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினால்தான் சுழலாமல் நிற்கிறது. தாமதத்தைப் பற்றி முன்பே சொன்னேன், நாமே போன் செய்து கேட்டால்தான் சொல்கிறார்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாவது மாதம் பேரிங்கில் லேசான சத்தம் வந்தது, மாற்றினேன், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. மெம்பிரேன் இல்லாத கார்ட்ரிட்ஜை இதில் மாட்டாதீர்கள், எதிலுமே மாட்டாதீர்கள். மையும் ரத்தமும் பின்னால் ஏறி கிரிப்புக்குள் போய், அங்கிருந்து டெல்ரின் காடிக்கும் போகும், பேரிங் கெடுவது இருக்கட்டும், அடுத்து உட்காருகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்டீல் கிரிப்பைக் கழற்றி நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைக்கலாம், மோட்டார் உள்ள உடம்பை ஒருக்காலும் வைக்க முடியாது, அதனால் ஒவ்வொருவருக்கும் புதுப் பை போட்டு மூடித்தான் வேலை செய்ய வேண்டும், கார்டுக்கும் சேர்த்து.

யாருக்கு இது வேண்டாம்? கம்பி இல்லாத பேட்டரி பென் மெஷின் பழகினவர்களுக்கு வேண்டாம், கார்டு தொங்குவது உறுத்தும். இப்போதுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர்களும் ஆறு மாதம் பொறுங்கள், உங்கள் கையின் வேகம் இன்னும் படிந்திருக்காது, எதற்கு ட்யூன் செய்வது என்று அவருக்கே தெரியாது. மூன்று நான்கு வருடம் லைனிங் செய்தவர்கள், வேலை நன்றாகத் தெரிந்தும் கோடு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று தவிக்கிறவர்கள், நீங்கள் போங்கள். போகும்போது உங்கள் பழைய மெஷினையும், தினம் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜையும், கிரிப்பையும், பவர் சப்ளையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், கார்ட்ரிட்ஜ் மாறினால் மெம்பிரேனின் இறுக்கம் மாறும், ட்யூனிங்கும் மாறும். ஒயர் பல இழையா என்று கேளுங்கள். இன்னொரு அளவு கேம் ஒன்றைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், கேட்காததால் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷேடிங்குக்கு (நிழல் நிரப்பும் வேலை) அவரிடமே இன்னொன்று சொல்லியிருக்கிறேன். 3 மி.மீ. கேம், தண்டுக்குக் கீழே அடியை மென்மையாக்க ஒரு சிலிகான் பேட், ஃபிரேம் ஆனோடைஸ் செய்து கறுப்பு நிறம். 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை துளையை உங்கள் கிரிப்பை வைத்தே கடைகிறேன், அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார், விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.